வெட்டுப்புள்ளி தவறிவிட்டது: திரும்ப எழுதுவதா, வெளிநாடு போவதா, சித்த மருத்துவமா?

உயர்தரப் பெறுபேறு வரும் கிழமைகளில் எங்கள் வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். மருந்துத் துண்டை வாங்கிய பிறகும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். "டொக்டர், இன்னொரு விஷயம் கேட்கலாமா?" என்று தொடங்கும்போதே எனக்கு விளங்கிவிடும், வீட்டில் ஒரு பிள்ளை பயோ படித்திருக்கிறது, மெடிசினுக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, கிடைக்கவில்லை. அண்மையில் கிண்ணியாவிலிருந்து பிரஷர் பார்க்க வந்த ஒரு நானா, பையிலிருந்து ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வெளிநாட்டு மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரம். மகளுக்கு உயிரியலில் ஏ, இரசாயனவியலில் பி, பௌதிகவியலில் சி. மாதம் முடிவதற்குள் முற்பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்று முகவர் சொல்லியிருக்கிறார், வயல் காணியை ஈடு வைக்க ஆள் பார்த்தும் ஆயிற்று. "செய்யலாமா, வேண்டாமா, ஒரு சொல் சொல்லுங்க டொக்டர்" என்றார். வெளியே அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது என்னால் பத்து நிமிடம்தான் கொடுக்க முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில் பிறந்து இங்கேயே படித்தவள். முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை எழுதி மட்டக்களப்பு மருத்துவ பீடத்துக்குப் போனேன். என் மாமா மகன் சீனாவில் மெடிசின் படித்துவிட்டு வந்தவர். என்னோடு ஒரே வாங்கில் இருந்த தோழி சித்த மருத்துவம் படித்தாள். ஆகவே இந்த மூன்று வழியிலும் நல்லது கெட்டது இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பஸ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த வருடம், எந்த வழியால் பிள்ளையின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் ஏறும் என்பது. பட்டம் வேறு, பதிவு வேறு. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், பதிவு இல்லாமல் ஒரு பனடோல் கூட எழுதிக் கொடுக்க முடியாது. எந்த வழியை எடுத்தாலும் அந்தப் பதிவு நாளிலிருந்து பின்னோக்கி வருடங்களை எண்ணிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே அரச பல்கலைக்கழகத்தில் படித்தால் கணக்கு இப்படிப் போகும்: எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், பிறகு தற்காலிகப் பதிவோடு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அது முடிந்தால் முழுப் பதிவு. தாளில் ஆறு வருடம். ஆனால் உயர்தரம் எழுதி கம்பஸ் வாசலை மிதிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போகிறது, இறுதிப் பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சி தொடங்கவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஏழரை, எட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு என்றால் ஐந்து அல்லது ஆறு வருடம் படிப்பு, திரும்பி வந்து மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை, அதில் சித்தியடைந்த பிறகு இங்கே ஒரு வருட உள்ளகப் பயிற்சி. முகவர் கொடுக்கும் புத்தகத்தில் முதல் ஐந்து வருடம்தான் படத்தோடு இருக்கும். மற்றதெல்லாம் நீங்களாகக் கேட்டால்தான் தெரியவரும்.

திரும்ப எழுதுவது

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருகோணமலைப் பிள்ளைக்கு, பணக் கஷ்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். காரணம் உணர்ச்சி அல்ல, கணக்கு.

மருத்துவ இடங்களில் 40 வீதம் முழு இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. அதாவது எங்கள் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு நேருக்கு நேர் ஓட வேண்டியதில்லை, பெரும்பாலும் மூதூர், கந்தளாய், குச்சவெளி, தம்பலகாமம், நகரம் என்று இந்த மாவட்டத்துப் பிள்ளைகளோடுதான் போட்டி. எங்கள் வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவாக வருவதும் இதனால்தான். இதை யாரும் குறைவாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை வருடம் ஓட்டிய வகுப்பில் இருந்து வந்தவள் நான், அந்த வகுப்பையும் தலைநகரத்து வகுப்பையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இசட் புள்ளி எப்படி வருகிறது என்று பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் திரும்ப எழுதுவதா என்ற முடிவே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எடுத்த புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) பிரித்து, மூன்று பாடத்துக்கும் வந்ததைக் கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள். அப்படியானால் ஒரு பாடத்தில் மட்டும் 0.6 கூடினால் மொத்தத்தில் 0.2 கூடும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைக்கு 0.2 என்பது மட்டக்களப்புக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரம். அந்த நானாவின் மகளுக்கு நான் பார்த்ததும் இதைத்தான்: உயிரியலில் ஏ எடுத்த பிள்ளை, பௌதிகவியல் ஒன்றுதான் கீழே இழுத்திருக்கிறது. ஒரு பாடத்தைத் தூக்குவது மூன்று பாடத்தையும் தூக்குவதை விட எவ்வளவோ இலேசு. மூன்றும் சி, மூன்றும் எஸ் என்று ஒரே மட்டத்தில் இருந்தால் கதை வேறு, அப்போது என்னால் இவ்வளவு துணிந்து சொல்ல முடியாது.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். என் அபிப்பிராயம், இரண்டாம் தடவையை எல்லோரும் எழுதலாம், மூன்றாம் தடவையை வெட்டுப்புள்ளிக்கும் தனக்கும் உள்ள தூரம் இரண்டாம் தடவையில் குறைந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். முதல் தடவை 0.5 தூரம், இரண்டாம் தடவையும் 0.5 தூரம் என்றால் அது முயற்சி போதாமை அல்ல, வழி மாற வேண்டிய நேரம்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். ரியூஷன் நல்லது என்று பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற்றி அனுப்பிவிடுகிறோம். மாவட்டம் எது என்பது பிறந்த ஊரை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்தப் பாடசாலையில் படித்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். நல்ல வகுப்பைத் தேடிப் போய் நல்ல மாவட்டத்தை இழந்துவிடக் கூடாது. பாடசாலை விலகும் கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒரு தடவை வாசியுங்கள், தமிழிலும் வருகிறது.

அந்த இரண்டாம் வருடம் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அது என் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான வருடம், இறுதி வருட எம்.பி.பி.எஸ். கூட அப்படி இருக்கவில்லை. கூடப் படித்தவர்கள் கம்பஸுக்குச் சாமான் கட்டுகிறார்கள், நான் பழைய கொப்பிகளோடு அதே அறையில். கல்யாண வீட்டுக்குப் போனால் "இப்ப என்ன செய்றாய் பிள்ளை?" என்று கேட்பார்கள், அதனால் ஒரு வருடம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அம்மாதான் என்னைக் காப்பாற்றினார். விடிய நாலரைக்குத் தேத்தண்ணி வைத்துத் தருவார், ஒரு வார்த்தை கூடப் பரீட்சையைப் பற்றிக் கேட்க மாட்டார். பின்னேரம் கடற்கரைக்கு நடந்து போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவோம், அவ்வளவுதான் ஓய்வு. படிப்பில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று: புதுக் குறிப்பு வாங்குவதை நிறுத்திவிட்டு, கடந்தகாலப் பௌதிகவியல் வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்தேன், பிழைத்த கணக்குகளுக்கு மட்டும் தனிக் கொப்பி போட்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். முதல் வருடம் ஏழு ரியூஷனுக்குப் போனவள், இரண்டாம் வருடம் இரண்டுக்குத்தான் போனேன்.

பரீட்சைக் காலமும் அண்மைய வருடங்களில் நிலையாக இருக்கவில்லை என்பதைக் கணக்கில் எடுங்கள். 2021 உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது, 2022 உயர்தரம் 2023 ஜனவரியில் தொடங்கியது, 2023க்கு உரியது 2024 ஜனவரியில். ஒரு பரீட்சையின் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பிக்கும் நாள் வந்துவிடும். ஆகவே முடிவு எடுக்கும் வரை படிப்பை விட்டுவிட வேண்டாம்.

சரி, வெட்டுப்புள்ளி தாண்டினால் எந்தப் பீடத்தை முதலாவதாகப் போடுவது என்றும் கேட்பார்கள். 1870இல் தொடங்கிய கொழும்பு, பேராதனை, 1978இல் வந்த யாழ்ப்பாணம், காலியில் ருகுணு, ராகமையில் களனி, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, அநுராதபுரத்தில் ரஜரட்ட, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம், பிறகு வந்த வயம்ப, சப்ரகமுவ என்று பட்டியல் நீளமானது. எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில்தான் படிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே பதிவுதான். வித்தியாசம் நோயாளியோடு கதைக்கும் மொழியில் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் முதல் நாளே ஒரு அம்மா கட்டிலில் இருந்து தன் வயிற்று வலியை எனக்கு எங்கள் மொழியிலேயே சொன்னார், அதனால் வருத்த வரலாறு எடுப்பதை வேகமாகப் பழகினேன். ஆனால் உள்ளகப் பயிற்சிக்குச் சிங்களப் பிரதேசத்துக்குப் போனபோது முதல் இரண்டு மாதம் திணறினேன். காலியிலோ அநுராதபுரத்திலோ படித்த தமிழ்ப் பிள்ளைகள் அந்தத் திணறலை முதல் வருடங்களிலேயே முடித்துவிட்டார்கள். ஊருக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்றால் மட்டக்களப்பு, சிங்களம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் தூரம். இரண்டுமே நல்ல தெரிவுதான்.

வெளிநாடு

வெளிநாட்டில் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு ஒரே வார்ட்டில் வேலை செய்த நல்ல டொக்டர்களில் சிலர் வங்காளதேசத்தில் படித்தவர்கள். கேள்வி பிள்ளையின் தகுதியைப் பற்றியதல்ல, போகும் பாதையில் எத்தனை இடத்தில் விழுந்துவிடலாம் என்பதைப் பற்றியது.

மாமா மகனின் கதையைச் சொல்கிறேன். உயர்தரம் முடிந்த கையோடு ஒரு முகவர் வழியாகப் போனார். ஆறு வருடப் படிப்பு, ஆங்கிலத்தில் விரிவுரை. விரிவுரை ஆங்கிலத்தில்தான், ஆனால் வார்ட்டில் கிடக்கும் நோயாளி சீன மொழிதானே கதைப்பார்? மச்சான் கொஞ்சம் சீனம் படித்தார், "எங்கே நோகிறது" என்று கேட்கத் தெரியும், நோயாளி சொல்லும் பதிலில் பாதி விளங்காது. ஆக, புத்தகத்தில் எல்லாம் படித்தவர், கையால் தொட்டுப் பழகியது குறைவு. திரும்பி வந்து ஈ.ஆர்.பி.எம். எழுத்துப் பகுதியை முதல் தடவையே தாண்டிவிட்டார், நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதியில் இரண்டு தடவை விழுந்தார். மூன்றாம் தடவைக்கு முன் எட்டு மாதம் ஒரு போதனா வைத்தியசாலையில் வார்ட் வார்டாக நின்று பழகித்தான் சித்தியடைந்தார். பதிவு கையில் கிடைத்தபோது அவருக்கு வயது 31. நானும் அவரும் ஒரே வருடம் உயர்தரம் எழுதியவர்கள். ஒரு வருடம் பிந்திப் போன நான் அவருக்கு மூன்று வருடம் முந்தி வேலையில் இருந்தேன்.

காசு விஷயத்தில் அவர்கள் வீடு பட்ட பாடு தனி. போகும்போது முகவர் சொன்ன தொகையில் விடுதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை, வீசா புதுப்பிப்பதும் இல்லை. மாமியின் நகை அடைவுக்குப் போய், ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அது ரூபாய் ஓரளவு நின்ற காலம். 2022ஐ நினைத்துப் பாருங்கள்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வருடத்துக்கு 5,000 டொலர் என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால், 10 இலட்சமாக இருந்த கட்டணம் இரண்டு மாதத்தில் 18 இலட்சம். காணியின் விலை அப்படி ஏறவில்லை, சம்பளமும் ஏறவில்லை. ஐந்தாறு வருடப் படிப்புக்கு ரூபாயில் உழைத்து டொலரில் கட்டுவது என்பது இதுதான்.

அந்த வருடங்களில் இன்னும் இரண்டு நடந்தன. 2020இல் கொவிட் வந்ததும் சீனா வெளிநாட்டு மாணவர்களுக்கு எல்லையை மூடியது, 2022 நடுப்பகுதி தாண்டும் வரை பிள்ளைகள் வீட்டில் இருந்து கணினியில் மெடிசின் படித்தார்கள். 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரேனில் இருந்த வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் புத்தகப் பையோடு எல்லை தாண்டினார்கள். இப்படி ஒன்று திரும்ப வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒரே காணியை ஈடு வைத்து அனுப்பும் குடும்பத்துக்கு இப்படி ஒரு அடியைத் தாங்கும் பலம் இருக்கிறதா என்று ஒரு இரவு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

போவது என்றே முடிவெடுத்தால் முற்பணம் கட்டும் முன் மூன்றைப் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று சபையிடமே கேளுங்கள். முகவர் கைபேசியில் காட்டும் பட்டியலை நம்ப வேண்டாம், பட்டியல் மாறும், பெயர்களும் ஒன்றுபோல இருக்கும். இரண்டாவது, உயர்தரப் பெறுபேறு. இரண்டு திறமைச் சித்தியும் (சி) ஒரு சாதாரண சித்தியும் (எஸ்) இருக்க வேண்டும் என்று 2018இல் ஆகக் குறைந்த தகுதி வைத்தார்கள். அது இல்லாத பிள்ளைக்கும் வெளிநாட்டில் சில இடங்களில் அனுமதி கிடைக்கும், திரும்பி வரும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். மூன்றாவது, அங்கே கடைசி இரண்டு வருடம் வார்ட்டில் எந்த மொழியில் நோயாளி பார்ப்பார்கள் என்று, இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒரு இலங்கைப் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள், முகவர் அறிமுகப்படுத்தும் பிள்ளையிடம் அல்ல.

எந்தக் குடும்பத்துக்கு வெளிநாடு சரிவரும்? தகப்பனோ அண்ணனோ கட்டாரிலோ ஐரோப்பாவிலோ உழைத்து அந்த நாட்டுக் காசில் கட்டக்கூடியவர்களுக்கு, ரூபாய் விழுந்தாலும் அவர்கள் விழ மாட்டார்கள். வங்காளதேச அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் எனப்படும் தெற்காசிய நாட்டுப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன, நல்ல பெறுபேறு இருந்து அது கிடைத்தால் நான் யோசிக்காமல் போகச் சொல்வேன், அங்கே நோயாளர் கூட்டமும் வருத்தங்களும் எங்கள் ஊரைப் போலவே இருக்கும். தமிழ்நாட்டையும் பலர் கேட்கிறார்கள், மொழி ஒன்று, கடல் தாண்டினால் ஊர். ஆனால் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க வெளிநாட்டுப் பிள்ளையும் நீட் என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும், வெளிநாட்டவர் பிரிவில் தனியார் கல்லூரிக் கட்டணம் மிக அதிகம். வசதி உள்ளவர்களுக்கு நோயாளியோடு தமிழில் பழகும் அந்த வாய்ப்பு உண்மையில் பெரிய விஷயம், மற்றவர்களுக்கு எட்டாது.

உள்நாட்டில் காசு கட்டிப் படிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி ஞாபகம் இருக்கும். பதிவு கிடைக்குமா கிடைக்காதா என்ற வழக்கும் வேலைநிறுத்தமும் ஊர்வலமுமாகப் போய், 2017 ஒக்டோபரில் அதை இல்லாமல் செய்வதாக அரசு அறிவித்தது, மாணவர்களைப் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். நடுவில் அந்தப் பிள்ளைகள் இழந்த வருடங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை, பதிவைப் பற்றி நிச்சயம் இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதை விட வேறு உதாரணம் தேட வேண்டாம். கொத்தலாவல பல்கலைக்கழகத்தில் கெடற்றாக, அதாவது படைப் பயிலுநராக, சேர்ந்தால் படிப்பு இலவசம், பிறகு முப்படையில் சேவை செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகக் குறைவு.

சித்த மருத்துவம்

இது எங்கள் வாசலிலேயே இருக்கிறது. நிலாவெளி போகும் வழியில் கோணேசபுரி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அங்கே பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையில். பயோ படித்த பிள்ளைக்கு மருத்துவத்தை விடக் குறைந்த இசட் புள்ளியில் கிடைக்கும்.

இதைப் பற்றி வீடுகளில் கதைக்கும் விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. "மெடிசின் கிடைக்கல்ல, சித்தாதான் கிடைச்சது" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்வார்கள். என் தோழி முதல் ஒரு வருடம் அழுதுகொண்டுதான் போனாள். இரண்டாம் வருடம் குணபாடம் என்ற மருந்துப் பொருள் பாடத்தில் மூலிகைகளைப் பிடித்துக்கொண்டாள், பிறகு உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய வர்மத்தில் ஆர்வம் வந்தது. பழைய வைத்தியப் பாடல்களைப் பதம் பிரித்து வாசித்து, அதே நாளில் உடற்கூற்றியல் வகுப்பில் அதே தசையை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், இரண்டு உலகத்தையும் ஒரு தலைக்குள் வைப்பது இலேசான வேலை இல்லை. இன்று நாள்பட்ட மூட்டு வலி, பக்கவாதத்துக்குப் பிறகான தளர்ச்சி என்று அவளைத் தேடி வருகிறார்கள். அவள் பார்க்க வேண்டிய நோயாளியை நான் அனுப்புகிறேன், சீனி கூடி மயங்கிய நோயாளியை அவள் ஒரு நிமிடம் தாமதிக்காமல் எனக்கு அனுப்புகிறாள்.

ஆனால் இரண்டு உண்மையைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தப் பதிவால் ஆங்கில வைத்தியம் செய்ய முடியாது, பிறகு எம்.பி.பி.எஸ். ஆக மாற்றிக்கொள்ளும் குறுக்கு வழியும் கிடையாது. சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டும் என்ற கனவை உள்ளே வைத்துக்கொண்டு இங்கே சேர்ந்தால் ஐந்து வருடமும் புண்ணாகிவிடும். மற்றது, அரச நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டி வரும், தோழி இரண்டு வருடம் காத்திருந்தாள், அந்த நேரத்தில் வீட்டு முன் அறையில் சின்னதாக நோயாளி பார்த்தாள். மூலிகையிலும் தமிழிலும் விருப்பம் உள்ள பிள்ளைக்கு நான் இதை முதல் தெரிவாகவே சொல்வேன், மற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாகச் சொல்ல மாட்டேன்.

தாதியர் பட்டம், மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம் எல்லாம் நாலு வருடத்தில் வேலையோடு நிற்கக்கூடிய படிப்புகள். அவற்றைப் பற்றித் தனியாக எழுதத்தான் வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: பிள்ளைக்கு வேண்டியது வைத்தியசாலையா, அல்லது பெயருக்கு முன்னால் டொக்டர் என்ற சொல்லா என்று பிள்ளையிடமே கேளுங்கள், பெற்றோர் அறையில் இல்லாத நேரத்தில் யாராவது ஒரு மாமியோ அக்காவோ கேட்டால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, மூன்று தடவை மெடிசினுக்கு எழுதியவள், அப்படிக் கேட்டபோது "எனக்கு இரத்தத்தைப் பார்க்கவே ஏலாது அக்கா, அப்பாவுக்காக எழுதினேன்" என்றாள்.

கிண்ணியா நானாவிடம் அன்று நான் சொன்னது இவ்வளவு விரிவாக இல்லை. மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் இரண்டு வரிசை போட்டேன். ஒரு பக்கம் இன்னொரு தடவை எழுதினால் பதிவு எந்த வருடம், மற்றப் பக்கம் வெளிநாடு போனால் எந்த வருடம், ஈ.ஆர்.பி.எம். முதல் தடவையே சித்தியடைந்தால் ஒன்று, மூன்றாம் தடவை என்றால் இன்னொன்று. பௌதிகவியலைச் சுற்றி ஒரு வட்டம். அவர் துண்டை மடித்து, அந்த வழவழப்பான புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமை கழித்துப் பிரஷர் பார்க்கத் திரும்ப வந்தார், மகளும் கூட வந்திருந்தாள். காணி ஈட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவள்தான் தொடங்கினாள்: "டொக்டர், நீங்க பிழைச்ச கணக்குக்குத் தனிக் கொப்பி போட்டதா வாப்பா சொன்னார், அதுல அத்தியாயம் பிரிச்சா எழுதினீங்க, இல்லாட்டி வருஷம் பிரிச்சா?"

அத்தியாயம் பிரித்துத்தான் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, அடுத்த கிழமை கொண்டு வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.